நல்ல ஏரியா

அப்பாவுக்கு காலைல நாலரைக்கு முழிப்பு வந்துடும். 31 வருஷம் அரசு பஸ்ல கண்டக்டரா ஓடுன உடம்பு, முதல் ட்ரிப் அஞ்சு மணிக்குன்னு பழகிப்போனது, அருப்புக்கோட்டைல இருந்தாலும் அட்லாண்டால இருந்தாலும் அதே கதைதான். 2023 செப்டம்பர் கடைசில எங்ககூட ஆறு மாசம் இருக்கலாம்னு வந்தார். அக்டோபர்ல இங்க ஏழரை மணி வரைக்கும் இருட்டு. விடிஞ்சப்புறம் நடங்கப்பான்னு ரெண்டு தடவ சொல்லிப் பார்த்தேன், வெயில் வந்தப்புறம் நடக்கிறது என்ன நடைன்னு கேட்டுட்டு, தலைல மங்கி கேப், அதுக்கு மேல என் வீட்டுக்காரரோட கறுப்பு ஜாக்கெட், கால்ல செருப்புன்னு கிளம்பிடுவார்.

அன்னைக்கு ஆறு மணி இருக்கும். சின்னவன் தண்ணி குடிக்க எழுந்தவன் ஓடி வந்து என்னை எழுப்பினான், அம்மா வெளில நீல லைட்டும் சிவப்பு லைட்டும் சுத்துதுன்னு. நைட்டி மேல ஒரு ஷால போத்திக்கிட்டு வெறுங்கால்ல ஓடினேன். எங்க வீட்டுல இருந்து நாலு வீடு தள்ளி போலீஸ் கார் நிக்குது, அப்பா முகத்துல டார்ச் வெளிச்சம். வீடு வீடா நின்னு பார்த்துக்கிட்டே யாரோ ஒரு ஆள் நடக்கிறான்னு அக்கம்பக்கத்துல யாரோ போன் பண்ணியிருக்காங்க. அப்பா நின்னு பார்த்தது நிஜம்தான், அந்த வீட்டு வாசல்ல வச்சிருந்த பூசணிக்காய்கள எண்ணிக்கிட்டு இருந்தாராம், அப்புறம் சொன்னார்.

நான் ஓடிவரும்போது அப்பாவோட வலது கை ஜாக்கெட்டுக்குள்ள போகுது. எனக்கு உயிரே போயிடுச்சு, துப்பாக்கி எடுக்கிறார்னு அவர் நினைச்சுட்டா? உள்ள சட்டைப் பாக்கெட்ல இருக்கிறது ஒரு துண்டுச்சீட்டு, வழி தெரியாமப் போச்சுன்னா காட்டுங்கன்னு எங்க விலாசத்தையும் என் போன் நம்பரையும் பெரிய எழுத்துல நானே எழுதி மடிச்சு வச்சது. அவர் பாதுகாப்பா இருக்கணும்னு நான் எழுதின காகிதம், அதை எடுக்கத்தான் கை உள்ள போகுது. "அப்பா, கைய வெளிய எடுங்கப்பா, எடுங்கப்பா"ன்னு கத்தினேன். நின்னுட்டார். போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார்.

அப்ப நான் என்ன சொன்னேன்கிறதுதான் இந்தக் கட்டுரையே. இவர் என் அப்பா, இந்தியால இருந்து வந்திருக்கார், நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர், என் வீட்டுக்காரரும் இன்ஜினியர், அதோ அந்த வீடு எங்களுது, சொந்த வீடு. இவ்வளவையும் ஒரே மூச்சுல சொன்னேன். அவர் என் வேலைய கேட்கல, வீடு சொந்தமா வாடகையான்னும் கேட்கல. நானாத்தான் கொட்டினேன். கொட்டக் கொட்ட அவர் முகம் இளகுறதைப் பார்த்தேன், டார்ச் தாழ்ந்துச்சு, அப்பாவைப் பார்த்து நல்லா நடங்க சார்ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். மரியாதையான ஆள்தான், அவரைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல.

வீட்டுக்குள்ள வந்து காபி போட்டேன், கை நடுங்கி பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சுடுச்சு. அப்பா அமைதியா இருந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஏம்மா, நீ இன்ஜினியரா இல்லாட்டி என்ன ஆயிருக்கும்?"னு கேட்டார். பதில் சொல்லாம பாலைத் துடைச்சேன்.

என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியும். எங்க ஊர்ல இருந்து கார்ல மூணரை மணி நேரத்துல அலபாமால மேடிசன்னு ஒரு ஊர். 2015 பிப்ரவரில அங்க ஒரு குஜராத்தி தாத்தா, 57 வயசு, பேரனைப் பார்த்துக்க வந்து ரெண்டு வாரம்கூட ஆகல, மகன் வீட்டுத் தெருவுல காலைல நடந்துக்கிட்டு இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போன் பண்ணி ஒல்லியா ஒரு கறுப்பு ஆள் சுத்துறான்னு சொன்னார். இங்கிலீஷ் தெரியாத அந்தப் பெரியவர் இந்தியா இந்தியான்னு சொல்லி வீட்டுப் பக்கம் கைய காட்டுறார், போலீஸ்காரர் அவரைத் தரைல அறைஞ்சார். முதுகெலும்புல அடிபட்டு, ஆபரேஷன் பண்ணி, உடம்பு பாதி முடங்கிப்போச்சு. கோர்ட்டுல ரெண்டு தடவ ஜூரிக்குள்ள முடிவு எட்டல, 2016 ஜனவரில ஜட்ஜ் அந்த போலீஸ்காரரை விடுதலை பண்ணிட்டார். அப்ப எங்க நண்பர்கள் வட்டத்துல இதைப் பேசும்போது பாதிப் பேர் சொன்னது என்ன தெரியுமா, பாவம், அவரைக் கறுப்பன்னு தப்பா நினைச்சுட்டாங்க. நானும் தலையாட்டினேன். அந்த வாக்கியத்துக்குள்ள இன்னொரு வாக்கியம் ஒளிஞ்சிருக்கு. நிஜமாவே கறுப்பரா இருந்திருந்தா அது தப்பில்லைன்னு அர்த்தம் வருது. எட்டு வருஷம் கழிச்சு என் வாசல்ல நின்னுதான் அது எனக்கு உறைச்சது.

நாங்க இருக்கிறது ஃபோர்சித் கவுண்டி, கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, அட்லாண்டாவுக்கு வடக்க, 400 ஹைவேல. 2016ல வீடு வாங்கினோம். வீடு காட்டின ஏஜென்ட் நம்ம ஊர்க்காரர்தான், "நல்ல ஏரியாங்க, ஸ்கூல் ரேட்டிங் பத்துக்கு ஒன்பது பத்து, அந்த மாதிரி ஆளுங்க தொந்தரவு கிடையாது"ன்னார். அந்த மாதிரி ஆளுங்கன்னா யாருன்னு நாங்க கேட்கல, அவரும் விளக்கல. புரிஞ்சுக்கிட்டோம். இன்னைக்கு இந்த கவுண்டில கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர் ஆசியர், அதுல பெரும்பாலும் நம்ம ஆளுங்க, தமிழ்ப் பள்ளி இருக்கு, தோசைக்கடை இருக்கு, பொங்கலுக்கு வாசல்ல கோலம் போட்டா எதிர்வீட்டு தெலுங்குக்காரங்க வந்து போட்டோ எடுப்பாங்க. கறுப்பினத்தவர் நூத்துக்கு நாலஞ்சு பேர்தான். அட்லாண்டா நகரத்துல ஏறக்குறைய பாதி ஜனம் கறுப்பினத்தவர், அங்க இருந்து நாப்பது மைல்ல இப்படி ஒரு இடம் எப்படி வந்துச்சுன்னு ஏழு வருஷமா எனக்குத் தோணவே இல்ல.

அது தோணவச்சது என் டீம்ல டெஸ்டிங் பார்க்கிற ஒருத்தங்க. என்னைவிட பத்து வயசு மூத்தவங்க, கறுப்பினப் பெண், வீடு தெக்கால ஜோன்ஸ்பரோ பக்கம். பேர் வேண்டாம், மனசுல அக்கான்னுதான் நினைக்கிறேன், இங்கயும் அப்படியே எழுதுறேன். பல வருஷமா ஒரே டீம். ரெண்டாவது பிரசவத்துக்கு லீவுல இருந்தப்ப என் வேலைய முழுசா இழுத்துப் போட்டுச் செஞ்சவங்க. ஆனா எங்க வீட்டுக்கு மட்டும் வந்ததில்ல. கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டேன், தீபாவளிக்குக் கூப்பிட்டேன், ஒவ்வொரு தடவையும் ஏதாவது வேலை இருக்கும். சரி, இவங்க நம்மகிட்ட ஒட்டமாட்டாங்கன்னு நானே முடிவு கட்டிட்டேன்.

அப்பா விஷயத்தை அந்தத் திங்கட்கிழமை அவங்ககிட்ட சொன்னேன். முழுசா கேட்டாங்க. அப்பா கை ஜாக்கெட்டுக்குள்ள போனதைச் சொன்னப்ப கண்ணை மூடிக்கிட்டாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க, "என் பாட்டியோட அம்மா உங்க கவுண்டிக்காரங்கதான். பொழுது சாஞ்சப்புறம் ஃபோர்சித்துக்குள்ள இருக்காதேன்னு எங்க வீட்ல எல்லாருக்கும் சொல்லித்தான் வளர்ப்பாங்க. பெட்ரோல் போடக்கூட நிறுத்தாதேன்னு சொல்வாங்க."

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன், விடிஞ்சுடுச்சு.

1910 கணக்கெடுப்புல ஃபோர்சித்துல 1,098 கறுப்பினத்தவர் இருந்திருக்காங்க. குத்தகைக்கு உழுதவங்க உண்டு, சொந்த நிலம் வச்சிருந்தவங்க உண்டு, சர்ச் கட்டி வச்சிருந்தாங்க. 1912 செப்டம்பர்ல ஆஸ்கார்வில் பக்கம் 18 வயசு வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி தாக்கப்பட்டுக் கிடந்தா, பிறகு இறந்துபோனா. சந்தேகத்துல பிடிச்சு வச்சிருந்த ராப் எட்வர்ட்ஸ்ங்கிற கறுப்பினத்தவரை, கவுண்டித் தலைநகர் கம்மிங் ஜெயில்ல இருந்து ஒரு கும்பல் இழுத்து வந்து கொன்னு, ஊர் நடுவுல போன் கம்பத்துல தொங்கவிட்டுச்சு. எர்னஸ்ட் நாக்ஸ், ஆஸ்கார் டேனியல்னு ரெண்டு பையன்களுக்கு ஒரு நாள்ல விசாரணை முடிச்சு, அக்டோபர் 25ல ஆயிரக்கணக்கான பேர் வேடிக்கை பார்க்கத் தூக்குல போட்டாங்க, நாக்ஸுக்கு 16 வயசு. அதோட நிக்கல. ராத்திரி ராத்திரியா குதிரைல வந்து வீட்டுக்குள்ள சுடுறது, சர்ச்சுகளைக் கொளுத்துறது, நாளைக்குள்ள கிளம்பலேன்னா குடும்பத்தோட கொளுத்துவோம்னு மிரட்டுறதுன்னு கொஞ்ச நாள்லயே மொத்த ஜனத்தையும் விரட்டிட்டாங்க. சிலர் நிலத்தை வந்த விலைக்கு வித்தாங்க, சிலர் விக்கக்கூட நேரமில்லாம விட்டுட்டு ஓடினாங்க, அப்படிக் கிடந்த நிலத்துக்கு வரியைக் கட்டிட்டு வெள்ளைக்காரங்க தங்களுதாக்கிக்கிட்ட கதைகளும் இருக்கு. அதுக்கப்புறம் முக்கால் நூற்றாண்டு இந்த கவுண்டில கறுப்பினத்தவர் குடியிருக்க முடியல. நாங்க ஞாயித்துக்கிழமை புளியோதரை கட்டிக்கிட்டு லேக் லேனியருக்குப் போவோம்ல, அணை கட்டி அந்த ஏரி ரொம்பினது 1950கள்ல, பழைய ஆஸ்கார்வில் நிலத்துல ஒரு பங்கு அந்தத் தண்ணிக்கு அடியிலதான் இருக்கு. அந்தக் கரைலதான் என் பிள்ளைங்க நீச்சல் கத்துக்கிட்டாங்க.

1987 ஜனவரி 17ல, மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை ஒட்டி, ஒரு சின்னக் கூட்டம் இங்க ஊர்வலம் போச்சு, நூறு பேருக்கும் கம்மி. கு க்ளக்ஸ் க்ளான்கிற வெள்ளை இனவெறிக் கூட்டத்து ஆளுங்களும் உள்ளூர்க்காரங்களும் சேர்ந்து கல்லும் பாட்டிலும் எறிஞ்சு விரட்டினாங்க. முன்னாடி நின்னவர் ஹோசியா வில்லியம்ஸ், 1965ல அலபாமால செல்மா பாலத்துல, கறுப்பினத்தவர் ஓட்டுரிமைக்காக ஜான் லூயிஸோட முதல் வரிசைல நடந்து அடிபட்ட அதே மனுஷன். ஒரே வாரத்துல, ஜனவரி 24ல, ஏறக்குறைய 20,000 பேரோட திரும்ப வந்தார், கிங்கோட மனைவி கொரெட்டாவும் வந்தாங்க, சுத்தி நேஷனல் கார்டு காவல். அந்த வீடியோ நெட்ல கிடைக்குது. ரோட்டோரம் நின்னு வாயில வராத கெட்டவார்த்தை எல்லாம் கத்துற முகங்களைப் பார்த்தேன், 20 வயசுப் பசங்க, இப்ப அவங்களுக்கு அறுபதுக்கு மேல ஆகியிருக்காது. நான் கடைல க்யூல நிக்கும்போது எனக்குப் பின்னாடி நின்னு சிரிச்சு வணக்கம் சொல்றவர் அதுல ஒருத்தரா இருக்கலாம்.

அப்படிப்பட்ட ஊர்ல நமக்கு எப்படி இடம் கிடைச்சது? நாம நல்லா படிச்சவங்க, உழைப்பாளிங்க, வம்பு தும்புக்குப் போகமாட்டோம், அதான் நமக்கு மரியாதைன்னு நம்ம வட்டத்துல சொல்லிக்குவோம். இங்க அதுக்கு ஒரு பேர் இருக்கு, மாடல் மைனாரிட்டி, சமர்த்துச் சிறுபான்மை. அந்தப் பட்டம் நமக்காக உருவானதே இல்ல. 1966 ஜனவரில வில்லியம் பீட்டர்சன்னு ஒரு சமூகவியலாளர் நியூயார்க் டைம்ஸ் இதழ்ல ஜப்பானிய அமெரிக்கர்களைப் புகழ்ந்து எழுதினார், இவ்வளவு கொடுமைப்பட்டும் எப்படி முன்னேறிட்டாங்க பாருங்கன்னு. அதே ஜப்பானியர்களைத்தான், 1942ல ஒரே ஒரு ஆணைல, 1,20,000 பேரை, அதுல மூணுல ரெண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள், முள்வேலி முகாம்ல அடைச்சு வச்சிருந்தாங்க. டிசம்பர்ல இன்னொரு பத்திரிகை சீனர்களைப் புகழ்ந்துச்சு, கறுப்பினத்தவருக்கு கோடி கோடியா செலவு பண்ணணும்னு பேசுற இந்தக் காலத்துல இவங்க யார் உதவியும் இல்லாம தானே மேல வர்றாங்கன்னு. காலத்தைப் பாருங்க. வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்ட்ல வந்துச்சு, செல்மால சிந்தின ரத்தம் காஞ்ச உடனே. அடுத்து வீடு, வேலை, பள்ளிக்கூடம்னு கறுப்பினத்தவர் கேட்க ஆரம்பிக்கும்போது, அவனைப் பாரு, அவன் கேட்கிறானான்னு கைகாட்ட ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு. வீட்ல மூத்தவனை அடிக்கிறதுக்காக இளையவனைப் புகழுற மாதிரி. அந்தப் புகழ்ச்சி இளையவன் மேல இருக்கிற பாசத்துல வர்றதில்ல.

நம்ம கதையும் அந்த ரத்தத்துலதான் தொடங்குது. 1907ல வாஷிங்டன் மாநிலத்துல பெல்லிங்காம் ஊர்ல மர மில்லுல வேலை பார்த்த பஞ்சாபிகளை ஒரே ராத்திரில அடிச்சு விரட்டினாங்க. 1923ல பகத் சிங் திண்ட் வழக்குல இந்தியர்கள் வெள்ளையர் கிடையாது, குடியுரிமை கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லுச்சு, அவர் வச்ச வாதத்துல ஒண்ணு நான் உயர்ஜாதி, சுத்த ஆரிய ரத்தம்ங்கிறது, அந்த வாதமும் அவரைக் காப்பாத்தல. 1946க்கு அப்புறம்கூட இந்தியர்களுக்கு வருஷம் நூறு பேர்னுதான் கோட்டா. 1965 அக்டோபர்ல வந்த குடியேற்றச் சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்துச்சு, இனத்தையும் ஊரையும் வச்சு ஆளைப் பிரிக்கிறது அசிங்கம்னு இந்த நாட்டை ஒத்துக்க வச்சது தெருவுல நடந்த கறுப்பினத்தவர் போராட்டம். வாக்குரிமைச் சட்டத்துக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டே மாசம். என் விசா அந்தச் சட்டத்தோட பேரப்பிள்ளை. இந்த ஊர்ல என் வீடு 1987 ஊர்வலத்தோட பிள்ளை. ரெண்டுக்கும் அடிவாங்கினது அக்கா வீட்டு ஆளுங்க.

அதுவும் எப்படிப்பட்ட கதவு? சல்லடை வச்ச கதவு. நம்ம ஊர்ல ப்ளஸ் டூ பாஸ் பண்ணி, இன்ஜினியரிங் சீட் வாங்கி, கேம்பஸ்ல வேலை வாங்கி, அதுல ஆன்சைட் கிடைச்சு, அப்புறம் வருஷம் 85,000 விசாவுக்கு உலகமே போடுற லாட்டரில பேர் விழுந்து வந்து இறங்குனவங்க நாம. சலிச்சு சலிச்சு எடுத்த மாவை வச்சு முறுக்கு சுட்டுட்டு எங்க கைமணத்தைப் பாருங்கன்னா எப்படி. இந்தியக் குடும்பங்களோட இடைநிலை வருமானம் 2019ல 1,19,000 டாலர், அதே வருஷம் பர்மாக்காரங்களுக்கு சுமார் 44,000, ரெண்டு பேரும் ஆசியர்ங்கிற ஒரே கட்டத்துலதான் டிக் பண்றாங்க. எங்க வீட்ல இருந்து முக்கால் மணி நேரத்துல கிளார்க்ஸ்டன் இருக்கு, பர்மா, பூட்டான் அகதிகள் நிறைய இருக்கிற ஊர், அங்க இருந்து விடியக்காலைல வேன்ல ஏறி கோழி வெட்டுற ஃபாக்டரிக்குப் போறவங்க இருக்காங்க. அவங்க சோம்பேறின்னு யாராவது சொல்ல முடியுமா? அவங்க சல்லடைல சலிச்சு வரல, தீயில இருந்து தப்பிச்சு வந்தாங்க.

இப்ப எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயத்துக்கு வர்றேன். 2023 ஜூன் 29ல ஹார்வர்ட் வழக்குல தீர்ப்பு வந்துச்சு, காலேஜ் சேர்க்கைல இனத்தைக் கணக்குல எடுக்கக்கூடாதுன்னு. எங்க ஸ்கூல் வாட்ஸாப் குரூப்ல பட்டாசு எமோஜி. இனிமே திறமைக்குத்தான் மதிப்புன்னு நம்ம தமிழ் ஆளுங்களே எழுதினாங்க. அதுல பாதிப் பேரோட கதை எனக்குத் தெரியும், என் கதையும் அதேதான். நான் பிசி கோட்டால சீட் வாங்கினவ, எங்க வீட்ல முதல் பட்டதாரி, அப்பாவோட கண்டக்டர் சம்பளத்துல கட்டக்கூடிய ஃபீஸ்ல கவர்மென்ட் காலேஜ்ல படிச்சவ. தமிழ்நாட்டோட 69 சதவீதம் இல்லேன்னா நான் இன்னைக்கு எங்க இருப்பேன்? 1921 வகுப்புவாரி உத்தரவுல இருந்து, 1951ல கோர்ட்டுல தோத்து, தெருவுல போராடி, அரசியல் சட்டத்தையே முதல் தடவையா திருத்த வச்சு, நம்ம தாத்தாக்கள் வாங்கிக் கொடுத்தது அது. அந்த ஏணில ஏறி, ப்ளேன் ஏறி, இங்க வந்து இறங்கின உடனே இன்னொருத்தரோட ஏணிய இழுக்கும்போது கை தட்டுறோம். திறமைன்னா என்னன்னு ஊர்ல நம்மகிட்ட யார் பேசினாங்க, எந்தக் குரல்ல பேசினாங்கன்னு நமக்கு மறந்தா போச்சு? அதே குரல்தான் இப்ப நம்ம வாயில இருந்து வருது. அன்னைக்கு நான் குரூப்ல ஒண்ணும் எழுதல. எழுதியிருக்கணும்.

கறுப்பினத்தவரைப் பத்தி நம்ம வீட்டுக்குள்ள என்ன பேசுறோம்னும் சொல்லணும். ஹிந்திக்காரங்ககிட்ட இருந்து தொத்திக்கிட்ட காலூ, நம்ம சொந்தச் சரக்கு கறுப்பனுங்க. அட்லாண்டால பழைய பெருமாள் கோயில் இருக்கிறது ரிவர்டேல்ல, க்ளேட்டன் கவுண்டி, அங்க பெரும்பான்மை கறுப்பினத்தவர்தான், அக்கா வீடும் அந்த கவுண்டிதான். சனிக்கிழமை ஒண்ணேகால் மணி நேரம் வண்டி ஓட்டி சாமி கும்பிடப் போவோம், ஹைவேல இருந்து இறங்கி சிக்னல்ல நிக்கும்போது கார் கதவை லாக் பண்ணு லாக் பண்ணுன்னு பின்னாடி இருந்து குரல் வரும். எத்தனையோ வருஷம், எத்தனையோ சனிக்கிழமை. ஒரு தடவகூட அங்க எங்களுக்கு ஒண்ணும் ஆகல. எங்க அப்பா முகத்துல டார்ச் அடிச்சது பத்துக்கு ஒன்பது ரேட்டிங் இருக்கிற நல்ல ஏரியால.

ஆனா நல்ல ஏரியாங்கிற பேச்சை அமெரிக்காவா நமக்குக் கத்துக்கொடுத்துச்சு? எங்க ஊர்ல நாங்க ஊர்த்தெரு, காலனி ரோட்டுக்கு அந்தப் பக்கம். கல்யாணமான புதுசுல சென்னைல வீடு தேடினப்ப ஓனர் நேரா ஜாதி கேட்கமாட்டார், நீங்க எந்தப் பக்கம், நான்வெஜ் உண்டான்னு சுத்தி வளைப்பார், நாங்களும் எங்களை நிரூபிச்சோம், நாங்க அந்த ஆளுங்க இல்லைன்னு. போலீஸ்காரர் முன்னாடி நான் கொட்டினது எனக்குப் புதுசு இல்ல, பழகின பாட்டு. அதனாலதான் கலிஃபோர்னியால ஜாதிப் பாகுபாட்டைத் தடுக்க மசோதா வந்தப்ப, 2023 அக்டோபர்ல கவர்னர் அதைக் கையெழுத்துப் போடாம திருப்பினப்ப, நிம்மதிப் பெருமூச்சு விட்டது யாருன்னு பார்த்தா எனக்கு ஆச்சரியமா இல்ல. வெள்ளைக்காரன்கிட்ட சமத்துவம் வேணும், வீட்டுக்குள்ள படிக்கட்டு வேணும். இதைச் சரி பண்ணாம கறுப்பினத்தவரோட தோள் சேர்றேன்னு சொன்னா நானே நம்பமாட்டேன்.

தோள் சேர்ந்த ஆளுங்க இல்லாம இல்ல. 1959ல கிங் இந்தியா வந்தப்ப திருவனந்தபுரத்துல தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிச்ச ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார், அங்க தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவுல இருந்து வந்திருக்கிற நம்மளைப் போல ஒரு தீண்டத்தகாதவர்னு அறிமுகம் பண்ணினார். கிங்குக்கு முதல்ல சுருக்குன்னுச்சு, யோசிச்சுப் பார்த்துட்டு ஆமா, நான் அதுதான்னு ஒத்துக்கிட்டார். அதை அவர் எடுத்துச் சொன்னது 1965 ஜூலை 4, இதே அட்லாண்டால, எபனேசர் சர்ச்சுல. அந்த சர்ச்சுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற காந்தி சிலைகிட்ட நம்ம குடும்பங்க எல்லாம் போட்டோ எடுத்திருக்கும், இந்தக் கதையை எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்போம்? கமலா ஹாரிஸ் துணை ஜனாதிபதியா ஜெயிச்சப்ப துளசேந்திரபுரத்துல வெடி போட்டாங்க, நாங்களும் இங்க இனிப்பு கொடுத்தோம், ஆனா 1958ல இந்தியால இருந்து தனியா பெர்க்லிக்கு வந்த அவங்க அம்மா, அந்த 19 வயசு சியாமளா பொண்ணு போய் உட்கார்ந்தது கறுப்பின மாணவர்களோட படிப்பு வட்டத்துல, பழகினது அவங்களோட, ஊர்வலம் போனது அவங்களோட, அந்தப் பாதியை விட்டுட்டுத்தான் நாம பெருமைப்படுறோம். நியூயார்க்ல டாக்சி ஓட்டுற வங்காளிகளும் பஞ்சாபிகளும் ஹைட்டிக்காரங்களும் கடன்ல மூழ்கி 2021ல சேர்ந்து உண்ணாவிரதம் இருந்து 15 நாள்ல ஜெயிச்சாங்க. 2020ல மினியாபொலிஸ்ல ஜார்ஜ் ஃப்ளாய்டுங்கிற கறுப்பினத்தவரை போலீஸ்காரர் கொன்னப்ப நடந்த கலவரத்துல ஒரு வங்கதேசத்துக்காரரோட ஹோட்டல் எரிஞ்சுபோச்சு, கட்டடம் எரிஞ்சா எரியட்டும், நியாயம் கிடைக்கணும்னு அவர் சொன்னார். அவ்வளவு பெரிய மனசு எனக்கு வருமான்னு தெரியல. ஃப்ளாய்டு உயிர் போகும்போது கூட்டத்தைத் தடுத்து நின்ன போலீஸ்காரர் ஒரு மொங் அமெரிக்கர், ஆசியர்ங்கிறதும் ஞாபகம் வருது. அந்த இடத்துல நிக்கிறதுக்குத்தான் நமக்குச் சம்பளம் கொடுக்கிறாங்களோன்னு பயமா இருக்கு.

2021 மார்ச்ல இங்க ஸ்பாக்கள்ல புகுந்து ஒருத்தன் எட்டு பேரைச் சுட்டுக் கொன்னான், ஆறு பேர் ஆசியப் பெண்கள். முதல்ல சுட்டது எங்க பக்கத்து கவுண்டில. அது கொரியாக்காரங்க, சைனாக்காரங்க, நமக்கு இல்லைன்னு குரூப்ல பேச்சு. அன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் பண்ணி, வீட்டுக்கு வந்துட்டியா, கதவைப் பூட்டிக்கோன்னு சொன்னது அக்கா மட்டும்தான்.

அப்பாகிட்ட 1912 கதையை நான் முழுசா சொன்னேன். 2021ல கம்மிங் ஊர் நடுவுல ராப் எட்வர்ட்ஸுக்கு ஒரு நினைவுப் பலகை வச்சிருக்காங்க, அங்க கூட்டிட்டுப் போய் ஒவ்வொரு வரியா தமிழ்ல சொன்னேன். அப்பா மங்கி கேப்பைக் கழட்டி கைல வச்சுக்கிட்டார். கேட்டு முடிச்சுட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "நிலம் வச்சிருந்தாங்கன்னியே, பட்டா இப்ப யார் பேர்ல இருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவர் நிதானமா சொன்னார், நம்ம பக்கமும் பஞ்சமி நிலம் இருக்கும்மா, வெள்ளைக்காரன் காலத்துல காலனி ஆளுங்களுக்குன்னு கொடுத்தது, வேற யாருக்கும் விக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, இன்னைக்கு யார் கையில இருக்குன்னு ஊருக்கே தெரியும், கேட்கத்தான் ஆள் இல்ல. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891ல எழுதின அறிக்கையால வந்த நிலம் அது. 1994ல காரணைல அதைத் திருப்பிக் கேட்டவங்க மேல போலீஸ் சுட்டு ரெண்டு பேர் செத்தாங்க. இதெல்லாம் பிறகு நான் படிச்சது. அப்பா இதைப் பள்ளிக்கூடத்துல படிக்கல, பஸ்ல டிக்கெட் கிழிச்சுக்கிட்டே ஜனங்க பேசினதைக் கேட்டவர்.

அந்தக் கேள்வியை அக்காகிட்ட அப்படியே சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "எங்க பெரியவங்க பேர் நிலப் பத்திரப் பதிவேட்டுல இருக்கும்னு பாட்டி சொல்லும், யாரும் போய்ப் பார்த்ததில்ல"ன்னாங்க. டிசம்பர் நடுவுல ஒரு வேலைநாள், ரெண்டு பேரும் லீவு போட்டோம். காலைல பத்து மணிக்கு அக்கா வந்தாங்க, எங்க தெருவுக்குள்ள கார் நுழையும்போது நான் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தேன், யாரும் யாருக்கும் போன் பண்ணிடக்கூடாதுன்னு. கோர்ட்டுல ஆவண அறைல அஞ்சு மணி நேரம். கைய வச்சா உதிர்ற மாதிரி பழைய கையெழுத்து, மைக்ரோஃபிலிம்ல பக்கம் பக்கமா ஓட்டணும். என் வீட்டு மனையை நான் பின்னாடியே தேடிக்கிட்டுப் போனேன், பில்டர், அதுக்கு முன்னாடி கோழிப்பண்ணைக்காரர், அவரோட அப்பா, அங்க நூல் அறுந்துபோச்சு. அக்கா தேடின பேர் கிடைக்கல. அதே குடும்பப்பேர்ல ஒரு பதிவு இருந்துச்சு, 1911, நாப்பது ஏக்கர், முதல் பேர் வேற. அது அவங்க ஆளுங்களா இல்லையான்னு சொல்ல முடியல. அந்தப் பக்கத்தை ப்ரிண்ட் எடுத்தாங்க, மடிக்காம ஒரு ஃபைல்ல வச்சுக்கிட்டாங்க.

வீட்டுக்கு வந்தப்ப நாலு மணி. அப்பா தேங்காச் சட்னி அரைச்சு வச்சு, அடுப்புல தோசைக்கல் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, அக்காவுக்குத் தமிழ் வராது, நடுவுல நான். அப்பா ஒவ்வொரு தோசையா கொண்டுவந்து தட்டுல போட்டுட்டு, அவங்க பாட்டியோட அம்மாவுக்கு எத்தனை பிள்ளைங்க, ஓடும்போது யார் யாரைத் தூக்கிக்கிட்டாங்கன்னு கேட்டார். ஏழு பிள்ளைங்க, மாட்டு வண்டி கிடைக்கல, கைக்குழந்தை என் பாட்டின்னாங்க அக்கா.

காபி போட அப்பா எழுந்தார். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாங்க. மணி நாலே முக்கால், மரத்துக்குப் பின்னாடி வெளிச்சம் மஞ்சளாயிடுச்சு.

"நான் கிளம்பறேன்"ன்னாங்க.

இருந்து குடிச்சுட்டுப் போகச் சொல்லுன்னார் அப்பா. நான் மொழிபெயர்க்கல. அப்பா என் முகத்தைப் பார்த்துட்டு, காபியை ஒரு ஃப்ளாஸ்க்ல ஊத்தி, மூடியை இறுக்கித் திருகி, கார் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். அஞ்சே காலுக்கு எனக்கு மெசேஜ் வந்துச்சு, கவுண்டி லைன் தாண்டிட்டேன்னு.